இரவுத் தொடுவில்லையும் சிறுவர் குறும்பார்வையும்: ஒரு வரலாற்று நோக்கு

குறும்பார்வையின் வரலாற்றில் இரு வினாக்கள் நெடுங்காலம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. தூரப்பொருளைத் தெளிவாகக் காண்பது எவ்வாறு என்பது ஒன்று. குறை மேலும் வளராது தடுப்பது எவ்வாறு என்பது மற்றொன்று. முதலாவதற்கு மூக்குக் கண்ணாடி பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடையளித்துவிட்டது. இரண்டாவதன் அவசரத்தை உணர்த்தியோருள் முதன்மையானவர் பிரெஸ்லோ நகரத்து மருத்துவர் ஹேர்மன் கோன். 10,060 பள்ளிச் சிறாரின் கண்களை ஆராய்ந்து 1867இல் அவர் வெளியிட்ட நூல், வகுப்பு உயர உயரக் குறும்பார்வையுடையோர் தொகையும் உயர்வதைக் காட்டிற்று. சிறுவர் உறங்கும்போது அணியும் தொடுவில்லை இவ்விரண்டாம் வினாவுக்குரிய விடைகளுள் ஒன்றாக இன்று கருதப்படுகின்றது. ஆயின், அது முதல் வினாவிலிருந்தே பிறந்தது.

1962இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஜெஸ்ஸன், விழிவெண்படலத்தின் வளைவிலும் தட்டையான கடின பிளாத்திக்கு வில்லையை வேண்டுமென்றே பொருத்தினார். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமாகிய அது சற்றே தட்டையாகுமாயின், வில்லையைக் கழற்றிய பின்னரும் பார்வை தெளிவாயிருக்கும் என்பது அவர் எண்ணம். பின்னர் இம்முறை ஓதோகெரட்டோலொஜி எனப் பெயர்பெற்றது. ஆர்வலர் பலர் இதனை நிலையான பரிகாரமெனப் போற்றினர். கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் நிகழ்ந்து 1983இல் வெளியான ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. குறைவு ஏறத்தாழ ஒரு தயொப்டர் அளவினதே. அணிவதை நிறுத்தியதும் அதிற் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. முறை அத்துடன் வழக்கொழிந்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

அதனை மீட்டவை இரண்டு. ஒட்சிசனை ஊடுசெல்லவிடும் கடின வில்லைகள் உருவானமையால் உறக்கத்தில் அணிதல் இயலுவதாயிற்று. 1980களின் இறுதியில், நடுப்பகுதி தட்டையாகவும் அதனை அடுத்த வளையம் செங்குத்தாகவும் அமைந்த தலைகீழ் வடிவ வில்லை தோன்றியது. இரவில் அணிந்து காலையிற் கழற்றினால் பகல் முழுவதும் கண்ணாடியின்றிக் காணலாம். 2002இல் ஐக்கிய அமெரிக்கா இரவு அணிதலுக்கு அனுமதி வழங்கியது. இவ்வளவும் முதல் வினாவுக்குரிய வெற்றியே.

இரண்டாம் வினாவை அணுகுவதில் ஒரு நுட்பமான தடை இருந்தது. படலம் தட்டையானால் கண்ணைச் சோதிக்கையிற் பெறும் எண் குறையும். அந்த எண்ணைக் கொண்டு விழிக்கோளம் நீள்வது நின்றதா என்று அறிய இயலாது. நீட்சியே நோயின் உடல். பிற்காலத்தில் விழித்திரை கழல்வது போன்ற கேடுகளுக்கு வழிவகுப்பதும் அதுவே. ஆகவே அளக்கவேண்டியது படலத்தையன்று, கோளத்தின் நீளத்தையே. ஹொங்கொங்கில் போலின் சோவும் உடனாய்வாளரும் அதனைச் செய்தனர். 2005இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஈராண்டுகளில் இவ்வில்லை அணிந்த சிறுவரின் கண் சராசரியாக 0.29 மி.மீ. நீண்டது; கண்ணாடி அணிந்தோரின் கண் 0.54 மி.மீ. நீண்டது. ஒப்பீட்டுக் குழு முந்திய ஆய்வொன்றிலிருந்து எடுக்கப்பட்டமை அதன் குறை. சீட்டுக் குலுக்கியதுபோற் பிரிக்கப்பட்ட இரு குழுக்களைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வு அக்குறையை நீக்கியது, நீட்சி 0.36 மி.மீ., 0.63 மி.மீ. எனப் பதிவாகியது. விழித்திரையின் ஓரங்களில் ஒளி குவியும் விதம் மாறுவதே காரணம் என்று பலர் கருதுவர்; அது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

இவ்வாய்வுகள் வெளிவருமுன்னரே விலை செலுத்தியவர்களும் சிறுவரே என்பதை இங்குக் கூறாது விடலாகாது. போதிய கட்டுப்பாடின்றி இம்முறை பரவிய கிழக்காசியாவில், சிறப்பாக 2001ஆம் ஆண்டையொட்டி, கடுமையான படலத்தொற்றுகள் பல பதிவாயின. 2005இல் தொகுத்து ஆராயப்பட்ட முதல் 50 நோயாளருள் பெரும்பாலோர் இளவயதினர். பலரிற் பற்றீரியாவும், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரில் அகந்தமீபா என்னும் நீர்வாழ் நுண்ணுயிரும் காணப்பட்டன. வில்லையைக் குழாய்நீரில் அலம்பும் பழக்கம் பிந்தியதற்கு வழிதிறப்பது. நலமான கண்ணொன்றிற் பிற்கால ஆபத்தைத் தவிர்ப்பதற்காக இன்றைய ஆபத்தொன்றை ஏற்பது எவ்வளவு தகும் என்ற கேள்வி அப்போதுதான் மருத்துவர் முன் வெளிப்படையாக நின்றது. ஆய்வு முடிவுகளைத் தலைப்பிற் கண்டு மகிழ்வோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

எப்போது நிறுத்துவது என்பதும் எளிதன்று. 2017இல் அதே ஹொங்கொங் ஆய்வாளர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 14 வயதிற்கு முன் வில்லையைக் கைவிட்ட சிறுவரின் கண்கள் மீண்டும் விரைந்து நீண்டன. அணியத் தொடங்கியதும் அவ்விரைவு தணிந்தது.