பாட்டிக்கு ஒரு வாழ்த்து அட்டை: மழலைக் கைவேலையின் கதை

போன செப்டம்பரில் என் அக்கா மகன் பள்ளியிலிருந்து ஒரு வாழ்த்து அட்டை கொண்டுவந்தான். எல்.கே.ஜி. படிக்கிறான். 'கிராண்ட்பேரண்ட்ஸ் டே'க்காக வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் செய்ததாம். மடித்த சார்ட் பேப்பர், அச்சில் வார்த்தது போல வெட்டிய ஐந்து இதழ்ப் பூ, ஓரமெல்லாம் ஜிகினா, உள்ளே அழகான ஆங்கிலக் கையெழுத்தில் நான்கு வரி. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்குடா தங்கம். இதுல நீ செஞ்சது எது?" என்று கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. அட்டையின் பின்பக்கம் பசை வழிந்து காய்ந்த இடத்தில் அழுக்காக ஒரு விரல் தடம். அதைத் தொட்டுக் காட்டி, "இது நானு ஆச்சி" என்றான்.

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அம்மா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. பிள்ளை கொடுக்கும் வாழ்த்து அட்டையில் பிள்ளை எவ்வளவு, பெரியவர்கள் எவ்வளவு? கொஞ்சம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இது இருநூறு வருடத்துக்கும் மேலான வழக்கு!

கடையில் விற்கும் வாழ்த்து அட்டைக்கு வயது அவ்வளவு அதிகம் இல்லை. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. மூன்று வருடம் கழித்து, 1843இல், ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி ஆயிரம் கிறிஸ்துமஸ் அட்டைகளை அச்சடித்தார். ஒன்று ஒரு ஷில்லிங். சாமானியர்கள் வாங்கும் விலை இல்லை.

ஆனால் பிள்ளைகள் கையால் எழுதிக் கொடுத்த வாழ்த்து இதைவிடப் பழையது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு பெரிய தாளைக் கொண்டுபோவார்கள். சுற்றிலும் பைபிள் காட்சிகள் அச்சிட்டிருக்கும். நடுவில் வெற்றிடம். அதில் பையன் தன் ஆகச் சிறந்த கையெழுத்தில் எழுதியிருப்பான். அப்பா பார்த்து, கட்டிய பணம் வீண்போகவில்லை என்று திருப்தி அடைய வேண்டும். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு. ஜனவரி 1 அன்று பிள்ளைகள் புத்தாண்டுக் கடிதத்தை பெற்றோர், தாத்தா பாட்டி, ஞானப் பெற்றோர் முன்னால் நின்று சத்தமாக வாசிப்பார்கள். இன்றும் நடக்கிறது.

இந்த வகை வாழ்த்துகளில் கை பிள்ளையுடையது, வாசகம் பெரும்பாலும் பெரியவர்களுடையது. அது மட்டுமில்லை. எழுதத் தெரிந்த பிள்ளைதான் இதைச் செய்ய முடியும். நான்கு வயதுக் குழந்தைக்கு அங்கே இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கியவர் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் 1782இல் பிறந்த ஃபிரெடரிக் ஃபுரோபல். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். பின்னாளில் குழந்தைகளின் முதல் சில வருடங்களைப் பற்றி அவர் அவ்வளவு யோசித்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். இளைஞராக இருந்தபோது சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோசியின் பள்ளியில் பாடம் கற்றார். பிறகு பெர்லினில் கனிமப் பொருட்கள் இருந்த அருங்காட்சியகத்தில் படிகங்களை வகைப்படுத்தும் வேலை. படிகத்தையும் குழந்தையையும் சேர்த்து யோசித்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன் :-)

1837இல் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கி, 1840இல் அதற்கு 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம். நம் எல்.கே.ஜி.யில் இருக்கும் 'கே'யும் 'ஜி'யும் அவர் வைத்தவைதான்.

அங்கே எழுத்து, கணக்கு எல்லாம் அப்புறம். முதலில் நூல் பந்து, மரக் கட்டைகள். பிறகு கைவேலைகள். சதுரக் காகிதத்தை மடிப்பது, மடித்ததை வெட்டிப் பிரிப்பது, வண்ணக் காகிதக் கீற்றுகளைப் பாய் முடைவது போல மேலும் கீழுமாகக் கோப்பது. இவற்றோடு இன்னொரு வேலை: கெட்டி அட்டையில் ஊசியால் புள்ளி புள்ளியாகத் துளை போட்டு, அந்தத் துளைகள் வழியே வண்ண நூலைக் கோத்து உருவம் கொண்டுவருவது. ஓர் இலை, ஒரு நட்சத்திரம், ஒரு வீடு. எழுதத் தெரியாத குழந்தையின் கையிலிருந்து, இன்னொருவருக்குக் கொடுக்கத் தகுந்த ஒரு பொருள் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிண்டர்கார்டன் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசுகளை இப்படித்தான் செய்தார்கள்.

இதைக்கூடவா ஓர் அரசாங்கம் தடை செய்யும்? செய்தது. 1851 ஆகஸ்டில் பிரஷ்யா கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகம், சோஷலிசம் என்று குற்றச்சாட்டு. அரசியல் பேசிய அண்ணன் மகன் கார்ல் ஃபுரோபல் எழுதிய ஒரு சிறு நூலைச் சித்தப்பா கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அடுத்த வருடம் ஜூனில் ஃபுரோபல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல். அதை அவர் பார்க்கவில்லை.

அதற்குள் விதை பறந்துவிட்டது. 1848 புரட்சி தோற்றதும் ஜெர்மனியை விட்டு ஓடியவர்கள் பலர். அவர்களில் ஒருவரின் மனைவி மார்கரெத்தா ஷூர்ஸ், 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் தன் மகளையும் உறவுக் குழந்தைகளையும் வைத்து ஜெர்மன் மொழியில் ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். அதே அலையில் போன இன்னொருவர் லூயி பிராங். 1870களில் பாஸ்டனில் வண்ண அச்சு கிறிஸ்துமஸ் அட்டைகளைத் தயாரித்து அமெரிக்கா முழுக்கப் பரப்பியவர். வேடிக்கை என்னவென்றால், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் பாட நூல்களையும் வாட்டர்கலரையும் விற்றவரும் அவரே! கடை அட்டையும் கை அட்டையும் ஒரே வீட்டு வாசலில்.

ஆனால் ஃபுரோபலின் கைவேலை சீக்கிரமே இறுகிப்போனது. கோடு தப்பக் கூடாது, மடிப்பு பிசகக் கூடாது, டீச்சர் சொன்ன வரிசையில்தான் வண்ணம். சின்ன ஊசி, சின்னத் துளை. இது குழந்தையின் கண்ணுக்கும் விரலுக்கும் தாங்காது என்று உளவியலாளர் ஸ்டான்லி ஹால் போன்றவர்கள் எதிர்த்தார்கள். முதலில் தோள், கை போன்ற பெரிய தசைகள், பிறகுதான் விரல் நுனி என்பது அவர்கள் வாதம். 1897இல் வியன்னாவில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்கிய ஃபிரான்ஸ் சிசெக் இன்னும் ஒரு படி மேலே போனார். குழந்தை வரைவது பெரியவர் ஓவியத்தின் அரைகுறை வடிவம் இல்லை, அது தனிக் கலை என்றார். இந்தக் கட்சியில்தான் நானும்.

சரி, தாத்தா பாட்டி எப்போது வந்தார்கள்? வீட்டுக்குள் எப்போதும் இருந்தார்கள். அவர்களுக்கென்று காலண்டரில் தனி நாள் வந்தது மிகவும் பிந்தி. ஜப்பானில் ஹியோகோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் 1947இல் ஊர்த்தலைவர் செப்டம்பர் 15ஐ முதியோர் நாளாக வைத்தார். வயல் வேலை ஓய்ந்து வெயிலும் தணிந்திருக்கும் பருவம் அது. 1966இல் அது நாட்டுக்கே விடுமுறை ஆனது. 2003 முதல் செப்டம்பர் மூன்றாவது திங்கள். ஜப்பானுக்குக் கிண்டர்கார்டன் 1876இலேயே வந்துவிட்டது. டோக்கியோ பெண்கள் ஆசிரியர் பள்ளியோடு சேர்ந்த அந்த முதல் நிலையத்தில் பாடம் நடத்திய தலைமை ஆசிரியை கிளாரா ஒரு ஜெர்மானியர். ஃபுரோபலின் காகித மடிப்பு, ஏற்கெனவே ஓரிகாமி மடித்துக்கொண்டிருந்த நாட்டில் போய் இறங்கியது! இன்று முதியோர் நாளுக்கு அங்கே குழந்தைகள் தாத்தா பாட்டி முகத்தை வரைந்தும், உள்ளங்கையில் வண்ணம் பூசி அட்டையில் பதித்தும் கொடுக்கிறார்கள்.

போலந்தில் 1960களில் ஒரு பெண்கள் பத்திரிகை கிளப்பிவிட்டதில் ஜனவரி 21 பாட்டி நாள், 22 தாத்தா நாள். அங்கே பிள்ளைகள் கையால் செய்யும் வாழ்த்து அட்டைக்கென்றே 'லவுர்கா' என்று தனிச் சொல் இருக்கிறது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் மரியன் மெக்குவேட், பதினைந்து பிள்ளைகளின் தாய், முதியோர் இல்லங்களில் தனியாகக் கிடப்பவர்களை நினைத்துப் போராடி, 1978இல் ஜனாதிபதி கார்ட்டரிடம் அறிவிப்பு வாங்கினார். செப்டம்பரில் நம் ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் நடக்கும் விழா அங்கிருந்து வந்ததுதான்.

இத்தனையும் படித்துவிட்டு, இந்தப் பொங்கலுக்கு அக்கா மகனோடு உட்கார்ந்தேன். கத்தரிக்கோல் கிடையாது. அந்த வயதுக்குக் கிழிப்பது சுலபம், வெட்டுவது கஷ்டம். பழைய மாதக் காலண்டர் தாள் நான்கு, பசை, ஸ்டாம்பு மை. ஒரு சார்ட் துண்டை மட்டும் நான் பாதியாக மடித்துக் கொடுத்தேன். மற்றபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன் (இதுதான் ரொம்ப சிரமம்). கிழித்தான், ஒட்டினான், பத்து விரலையும் மையில் தோய்த்து அமுக்கினான். உள்ளே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "ஆச்சி, முறுக்கு சுடு" என்றான். அப்படியே எழுதினேன்.

அம்மா அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறார். எது மேல்பக்கம் என்பதில் மட்டும் இன்னும் தகராறு. தினமும் ஒருமுறை அவன் வந்து திருப்பி வைத்துவிட்டுப் போகிறான்.