அத்திரம்பாக்கத்தின் கேள்விகள்: ஆய்வு வாழ்வில் அறிவார்வத்தின் இடம்

திருத்தணி என்றால் முருகனையும், 1888இல் அங்கே பிறந்த ராதாகிருஷ்ணனையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஊரை ஒட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்று வடிநிலத்தைச் சேர்ந்தது. அதே வடிநிலத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. ஆய்வாளரின் வாழ்வில் அறிவார்வம் என்ன வேலை செய்கிறது என்று ஆராய இதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் இல்லை.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வது நம் பாடநூல் வழக்கம். அதை ஏற்பதற்கில்லை. பிரான்சில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் தொல்மனிதர் செய்தவையே என்று 1859இல் ஆய்வாளர்கள் பிரெஸ்ட்விச்சும் எவான்ஸும் உறுதிசெய்திருந்தனர். அந்தச் செய்தியால் தூண்டப்பட்டுத் தென்னிந்தியச் சரளைகளிலும் கருவி தேடிக்கொண்டிருந்தவர் ஃபுட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவருக்குச் சம்பளம் கொடுத்தது பாறை அடுக்குகளை வரைபடமாக்கத்தான். கோடரி தேட அல்ல. அதே ஆண்டு செப்டம்பரில் சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களில் கிடைத்த கருவிகளைப் பற்றி 1866இல் விரிவாக எழுதினார். திருத்தணி அன்று வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. முதல் கல் தற்செயலாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், இத்தனை இடங்களைத் தற்செயல் விளக்காது.

அறிவார்வத்தை மன எழுச்சியாக மட்டும் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. ஃபுட் எடுத்த கற்களை எங்கே எடுத்தார் என்ற குறிப்போடு பாதுகாத்தார். அந்தத் திரட்டு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது; அதன் விளக்கப் பட்டியல் அவர் 1912இல் இறந்த பிறகே அச்சேறியது. பட்டியல் போடுவதைப் போலச் சலிப்பூட்டும் வேலை வேறில்லை. ஆனால் அந்தச் சலிப்பைச் சகிக்காத ஆர்வம் அடுத்தவருக்குப் பயன்படாமல் போய்விடும்.

அடுத்தவர்கள் வந்தார்கள், அதே இடத்தில் வேறு கேள்விகளோடு. தொல்மனிதர் இங்கே இருந்தனரா என்பது ஃபுட்டின் கேள்வி. 1930களில் வி. டி. கிருஷ்ணசாமி ஆற்றுப்படுகையின் படித்தளங்களை ஆராய்ந்தபோது எந்தக் கருவி முந்தியது, எது பிந்தியது என்று கேட்டார். 1999இல் அகழத் தொடங்கிய சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் எப்போது என்று ஆண்டுக் கணக்கில் கேட்டனர். அதற்கு ஃபுட் காலத்தில் வழியே கிடையாது. விண்கதிர் படும் குவார்ட்சில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அணுக்கள் உருவாகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்தபின் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எஞ்சியிருக்கும் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். 2011இல் வெளியான முடிவு, அங்குள்ள அச்சூலியன் (கைக்கோடரி வகை) கருவிகளின் வயதைச் சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என்று காட்டியது.

நிறுவனமும் கருவியும் இருந்தால் போதும், தனிமனித ஆர்வத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். புவியியல் துறையில் அன்று பணியாற்றியவர் ஃபுட் ஒருவரல்லர். அதே சரளையைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஆயினும் ஆர்வம் தானாகவே வாழ்ந்துவிடும் என்றும் நான் வாதிடவில்லை. அகழாய்வு தொடங்கி முதல் காலக்கணிப்பு வெளிவர 12 ஆண்டுகள் ஆயின, அடுத்தது 2018இல். விண்ணப்பத்திலேயே முடிவை எழுதித் தரச் சொல்லும் மூன்றாண்டுத் திட்டங்களில் இப்படிப்பட்ட கேள்விக்கு இடமில்லை. நம் பல்கலைக்கழகங்கள் ஆர்வத்தைப் பாராட்டிப் பேசுகின்றன. அதற்குக் காலம் ஒதுக்குவதில்லை.

அந்த 2018 முடிவு விடையைவிடப் பெரிய கேள்வியைக் கிளப்பியிருக்கிறது. இடைப் பழங்கற்காலக் கருவிமுறை இங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்கிறது அது. நவீன மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது இந்த நுட்பம் என்ற கருத்துக்கு இது நேர்முரண். அகழாய்வில் அந்தக் கருவிகளோடு மனித எலும்பு கிடைக்கவில்லை. எனவே அந்தக் கருவிகளைச் செய்தது எந்த மனித இனம் என்பதைக் கற்களை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுசெய்ய இயலாது.