கட்டம் போட்டு வரைந்த மின்னல்

புதுவையில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், சித்திர வகுப்பு என்றால் கட்டம் போடுவதுதான். சின்னப் படத்தின் மேல் பென்சிலால் சதுரம் சதுரமாகக் கோடு இழுக்க வேண்டும். பெரிய தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்க வேண்டும். எனக்கு அது நன்றாகவே வரும். ஒரு நாள் முசியே என் தாளைப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது காப்பி. இதில் நீ எங்கே?" என்று கேட்டார்.

பிறகு அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல், மற்றவர் எழுதிய வரைவுக்கு ஃபேர் காப்பி எடுத்தே காலம் போயிற்று. அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு ஒரு பதில் ஹான்ஸ் ஹார்டுங் என்ற ஓவியரின் வரலாற்றில் எனக்குக் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், நியூயார்க்கிலும் பாரிசிலும் ஒரு புது வகை ஓவியம் பேசப்பட்டது. அதில் மனிதன், மரம், வீடு எதுவும் இராது. தூரிகையின் வீச்சும் வண்ணத்தின் தெறிப்பும்தான் படம். வரைபவனின் மனம் அந்தக் கணத்தில் எப்படி இருந்ததோ, அது அப்படியே துணியில் இறங்கிவிடும் என்றார்கள். அமெரிக்காவில் ஜாக்சன் பொல்லாக் துணியைத் தரையில் விரித்துப் பெயின்டைச் சொட்டவிட்டார். பாரிசில் இதற்கு முன்னோடிகளில் ஒருவர் ஹார்டுங்.

அவர் 1904இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். சிறு வயதில் இடி மின்னல் என்றால் நடுக்கம். மின்னல் வெட்டியதும், இடி முழங்குவதற்குள் அந்தக் கோட்டை நோட்டில் வரைந்துவிட்டால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினாராம். நாமெல்லாம் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொன்னோமே, அதுபோலத்தான்.

1935இல் பெர்லினில் கெஸ்டபோ ரகசியப் போலீஸ் விசாரிக்கத் தொடங்கியதும் பாரிசுக்குத் தப்பினார். போர் மூண்டதும் பிரான்சின் லெழியோன் எத்ரான்ழேர் படையில் வேறு பெயரில் சேர்ந்தார். நம் ஊர் சொல்தாக்கள் இருந்த படை வேறு, இது வெளிநாட்டாருக்காக ஏற்பட்டது. தென்பிரான்சும் ஜெர்மானியர் கைக்குப் போனபின் ஸ்பெயினுக்கு ஓடி, அங்கே சிறைப்பட்டு, வட ஆப்பிரிக்கா போய் மறுபடி அதே படையில் சேர்ந்தார். 1944 நவம்பரில் பெல்ஃபோர் அருகே, காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் வேலையில் இருந்தபோது அடிபட்டு வலது காலை இழந்தார்.

1947இல் பாரிசில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. வெளிறிய பின்னணியில் சீறிப் பாயும் கரிய கோடுகள். ஒரே மூச்சில் இழுத்தவை என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றும்.

உண்மை வேறு. முதலில் சிறு தாள்களில்தான் கையை ஓடவிடுவார். அதில் தேறியதை எடுத்து, அதன்மேல் கட்டம் போட்டு, கோட்டின் பிசிறுகூட விடாமல் பெரிய துணிக்கு மாற்றுவார். கையில் காசில்லாத காலம், துணியை வீணாக்க முடியாது. அப்படிப் பிடித்த பழக்கம் 1960 வாக்கில்தான் விட்டது. அதே 1960இல் வெனிஸ் பியனாலேயில் ஓவியத்துக்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அப்படியானால் ஏமாற்றினாரா? எனக்கு அப்படிப் படவில்லை. அந்தச் சிறுவன் வரைந்ததும் வானத்து மின்னலின் பிரதிதானே? மின்னல் அவனுடையதல்ல, பயம் அவனுடையது. மனதில் பட்டது ஒரு நொடியில் தாளில் விழுந்துவிடும். அதைக் கெடாமல் காப்பாற்றப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையிலும் ஆள் இருக்கிறான்.

கடைசிக் காலத்தில் தென்பிரான்சின் ஆந்திப் நகரில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் போன்ற கருவிகளால் பெரிய துணிகளில் வண்ணம் பீய்ச்சினார். 1989இல் மட்டும் 300 படங்களுக்கு மேல். அந்த டிசம்பரில் இறந்தார். வயது 85.

நான் ஃபேர் காப்பி எடுத்தவற்றில் ஒரு விதவையின் பென்ஷன் உத்தரவும் இருந்தது. தொகையில் ஒரு சைபர் விட்டுப்போகக் கூடாதே என்று அன்று மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். முசியே இன்று இருந்து கேட்டால், அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.