முதல் மெஷினும் மாற்றிய மெஷின்தான்



செங்கல்பட்டில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன், மேசைமேல் வைக்கும் சிறிய மில்லிங் மெஷினைக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றியிருக்கிறான். "புதுசு வாங்க வசதியில்லை சார், ஒட்டுப்போட்டதுதான்" என்று கூச்சப்பட்டான். அவனுக்காக இந்த வரலாறு.

ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், வளைவுகளைத் துல்லியமாக வெட்ட எண்களைக் கொண்டே மெஷினை நகர்த்த நினைத்தார். 1949இல் விமானப்படை பணம் கொடுத்தது. 1952இல் எம்.ஐ.டி. கல்லூரி அதை ஓட்டிக் காட்டியது. எதில்? புதிதாகச் செய்த மெஷினில் அல்ல. ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி மில்லிங் மெஷினை மாற்றி, துளையிட்ட காகித நாடா வழியே எண்களைக் கொடுத்தார்கள். அதற்கு அலமாரி அலமாரியாக வால்வுகள் வேண்டியிருந்தன.

இவனுக்கு உள்ளங்கை அளவு போர்டு போதும். கைச்சக்கரங்களைக் கழற்றி ஸ்டெப்பர் மோட்டார் பூட்டியிருக்கிறான். ஒரு சுற்றுக்கு 200 அடி. சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகில் ஓர் அடி 0.025 மி.மீ. கணக்கில் தடுமாறிய பையன் இவன்!

அளந்து வெட்டுவது நம் பக்கத்துக்குப் புதிதா? மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குடைவரைகளைப் பாருங்கள்; பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்த உளித்தடம் இன்றும் தெரியும்.

கூச்சப்படாதே கண்ணா. முதல் மெஷினும் உன்னுடையது போலத்தான் பிறந்தது.