குராரேயும் அளவுகோலும்: தசைதளர்த்தி மருந்துகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் புதிய மருந்தொன்று கண்டறியப்பட்ட நாளைப் பெருநிகழ்ச்சியாகக் கொள்வது வழக்கம். அம்மருந்தின் விளைவை அளந்தறியும் முறை எப்பொழுது தோன்றியது, அம்முறை நோயாளியின் அருகே வந்துசேர எத்துணைக் காலம் சென்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்துகளின் வரலாறு இவ்வினாக்களை நம்முன் வைக்கின்றது. இங்கு மருந்து விரைந்து பரவியது. அளவீடு மிகப் பிந்தியே வந்தது. இந்த இடைவெளிக்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மருந்துகளின் மூலம் குராரே எனப்படும் அம்பு நஞ்சு. அமேசன், ஒரினோக்கோ ஆற்றுப் படுகைகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள் காட்டுக்கொடிகளின் பட்டையைக் காய்ச்சி இதனை ஆக்கினர். 1800இல் ஒரினோக்கோவின் கரையிலுள்ள எஸ்மெரால்டாவில் இது தயாரிக்கப்பட்ட முறையை அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட் நேரிற் கண்டு பதிவுசெய்தார். இதனை ஆக்கியோர் இதன் வலிமையை அளந்தறியவும் முறை வைத்திருந்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அம்பு தைத்த குரங்கு விழுமுன் எத்தனை மரங்கள் தாவுகின்றது என்பதைக் கொண்டு ‘ஒரு மரக் குராரே’, ‘இரு மரக் குராரே’ என வேறுபடுத்தினர் என்பர். உயிரொன்றின் தசைகள் காட்டும் எதிர்விளைவைக் கொண்டே நஞ்சின் அளவைத் தீர்மானிக்கும் இந்நெறி, பின்னர் ஆய்வுகூடங்கள் கைக்கொண்ட நெறியினின்றும் அடிப்படையில் வேறுபட்டதன்று.

ஐரோப்பாவில் இந்நஞ்சின் இயல்பு படிப்படியாகத் தெளிவாயிற்று. 1814இல் இலண்டனில் சாள்ஸ் வோட்டற்றன் முதலியோர் பெண்கழுதையொன்றுக்குக் குராரேயைச் செலுத்தி, அதன் மூச்சுக்குழலில் துருத்தி பொருத்திக் காற்றூட்டினர். கழுதை உயிர்பிழைத்து 1839 வரை வாழ்ந்தது. மூச்சுத் தசைகள் செயலிழப்பதாலேயே இந்நஞ்சு கொல்கின்றது என்பதும், சுவாசத்தைச் செயற்கையாகத் தாங்கினால் உயிரைக் காக்கலாம் என்பதும் இதனாற் புலனாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் குளோட் பேர்னார்ட் தவளைகளில் நடத்திய சோதனைகள் மேலும் ஒரு படி முன்சென்றன. குராரே ஏறிய தவளையின் நரம்பை மின்னாற் தூண்டியபோது தசை அசையவில்லை. தசையையே தூண்டியபோது அது சுருங்கியது. எனவே நஞ்சு தாக்குமிடம் நரம்பும் தசையும் கூடும் சந்தியே என்பது பெறப்பட்டது. நஞ்சுண்ட உயிர் அசைவை இழப்பினும் உணர்வை இழப்பதில்லை என்பதையும் பேர்னார்ட் வற்புறுத்தினார். நரம்பைத் தூண்டித் தசையைப் பார்த்தல், அசைவின்மையை உணர்வின்மையெனக் கொள்ளாதிருத்தல் ஆகிய இரு பாடங்களையும் அவர் விட்டுச்சென்றார். இரண்டையுமே மருத்துவ உலகம் நெடுங்காலம் கழித்து மீண்டும் கற்கவேண்டியதாயிற்று.

வயிற்றறைச் சத்திரசிகிச்சைக்கு வயிற்றுத் தசைகள் தளர்ந்திருத்தல் இன்றியமையாதது. முன்னர் இத்தளர்ச்சியைப் பெற ஈதர் முதலிய மயக்க மருந்துகளை மிகுந்த அளவிற் கொடுத்தனர். அதனால் இதயமும் குருதியோட்டமும் பாதிப்புற்றன. 1942 சனவரி 23ஆம் நாள் கனடாவின் மொன்ட்ரியல் நகரில் ஹரோல்ட் கிரிபித், ஈனிட் ஜோன்சன் ஆகிய இருவரும் குடல்வால் அகற்றப்படவிருந்த இளைஞர் ஒருவருக்கு, மயக்க வாயுவுடன் தூய்மையாக்கப்பட்ட குராரேயையும் செலுத்தினர். 1912இலேயே ஜேர்மனியில் ஆர்தர் லேவன் இதனை முயன்றிருந்தாராயினும், தரப்படுத்தப்பட்ட மருந்து போதிய அளவிற் கிடையாமையால் அம்முயற்சி தொடரவில்லை. 1938இல் றிச்சட் கில் எக்குவடோரிலிருந்து கொணர்ந்த குராரேயும், முயலின் தலை சாய்வதைக் கொண்டு மருந்தின் வலிமையைக் கணிக்கும் முறையும் இக்குறையை நீக்கின. குரங்கின் மரக்கணக்கு முயலின் தலைச்சாய்வாக உருமாறியது எனலாம்.

இம்மாற்றத்தின் பயன் பெரிது. உறக்கம், வலியின்மை, தசைத்தளர்ச்சி ஆகிய மூன்றையும் வெவ்வேறு மருந்துகளாற் பெறும் நிலை உருவாயிற்று. லிவர்பூலில் செசில் கிரேயும் ஜோன் ஹால்ற்றனும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் பெற்ற அனுபவத்தை 1946இல் வெளியிட்டனர். எனினும், அசையாத நோயாளி தன் துன்பத்தைத் தெரிவிக்கும் வழியையும் இழந்தார். குராரேயே உணர்விழப்பையும் தரும் என்ற கருத்து 1940களில் சில மருத்துவரிடையே நிலவியது. இதனை மறுத்துரைக்கும் சோதனையை அமெரிக்க மருத்துவர் ஸ்கொட் ஸ்மித் தம்முடலிலேயே நடத்தச் செய்தார். மயக்க மருந்து எதுவுமின்றி, மூச்சுத் தசைகள் செயலிழக்க வேண்டியதன் இரண்டரை மடங்கு மருந்தை ஏற்று, விரலசைக்கவும் இயலாத நிலையிலும் தம் உணர்வு மங்கவில்லையென அவர் 1947இல் அறிவித்தார். பேர்னார்ட் தவளையிற் கண்ட உண்மைக்கு இவ்வாறு மனிதச் சான்று கிடைத்தது.

அடுத்த அதிர்ச்சி புள்ளிவிவரங்களிலிருந்து வந்தது. 1948 முதல் 1952 வரை பத்து அமெரிக்க வைத்தியசாலைகளில் அளிக்கப்பட்ட 599,548 மயக்கமூட்டல்களை ஆராய்ந்த பீச்சர், டொட் ஆகியோர் தம் முடிவுகளை 1954இல் வெளியிட்டனர். தசைதளர்த்தி பெறாதோரிடையே 2,100 பேருக்கு ஒன்றாயிருந்த மரணம், பெற்றோரிடையே 370 பேருக்கு ஒன்றாயிருந்தது. மருந்திலேயே உள்ளார்ந்த நச்சுத்தன்மை உண்டென அவர்கள் ஐயுற்றனர். அக்கருத்து வன்மையாக மறுக்கப்பட்டது. சுவாசத்தைப் போதியளவு தாங்காமையும், சிகிச்சை முடிந்தபின்னும் உடலில் எஞ்சிநின்ற தளர்ச்சியுமே பெரிதும் காரணமாகலாம் என மறுத்தோர் கருதினர். குராரேயின் விளைவை மாற்ற நியோஸ்டிக்மின் போன்ற மருந்துகள் இருந்தன. ஆயினும் எவருக்கு எவ்வளவு தளர்ச்சி எஞ்சியுள்ளது என்பதை அறியும் கருவி வழக்கத்தில் இருக்கவில்லை.

1958இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கிறிஸ்றி, சேர்ச்சில்-டேவிட்சன் ஆகியோர் கையடக்கமான நரம்புத் தூண்டியை விவரித்தனர். பேர்னார்ட்டின் தவளைச் சோதனை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து நோயாளியின் மணிக்கட்டை வந்தடைந்தது. 1970இல் லிவர்பூலைச் சேர்ந்த அலி, அற்றிங், கிரே ஆகியோர் நாற்றொடர்த் தூண்டலை அறிமுகப்படுத்தினர். அரைச் செக்கன் இடைவெளியில் நான்கு மின்தூண்டல்கள் கொடுக்கப்படும். மருந்து எஞ்சியிருப்பின் ஒவ்வொரு துடிப்பும் முன்னையதிலும் மெலியும். முதலாவதோடு நான்காவதை ஒப்பிட்டுப் பெறும் விகிதமே அளவுகோல். நோயாளியின் உடலே தனக்கான ஒப்பீட்டைத் தருவதால் முன்கூட்டிய பதிவும் வேண்டியதில்லை.

இத்துணை எளிய முறை ஏன் உடனே பொதுவழக்காகவில்லை? 1979இல் கொப்பன்ஹேகனில் விபி-மோகன்சனும் அவருடன் ஆய்ந்தோரும், சிகிச்சை முடிந்து மீட்பறைக்கு வந்த 72 பேரை அளந்தபோது, 42 வீதத்தினரிடம் இவ்விகிதம் அன்று போதுமெனக் கொள்ளப்பட்ட 0.7ஐ எட்டியிருக்கவில்லை. அவர்கள் எல்லோரும் தேறியவர்களெனக் கருதியே அனுப்பப்பட்டவர்கள். பயின்ற கைகூட, விகிதம் 0.4ஐக் கடந்தபின் துடிப்புகளின் மெலிவை உணரமாட்டாது என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

காரணங்களை நாம் இருவகையாகக் காண்கின்றோம். முதலாவது, அனுபவத்தின் அதிகாரம். தலையை உயர்த்தச் சொல்வதும் கையைப் பற்றச் சொல்வதும் போதுமென நம்பிய தொழில்மரபு, கருவியின் சாட்சியத்தைத் தன் திறமைக்கு நேர்ந்த ஐயமாகக் கொண்டது. இரண்டாவது, தீங்கு நிகழும் இடம். எஞ்சிய தளர்ச்சியால் மூச்சுத் தடைப்படுவதும் உணவுக்கூறுகள் நுரையீரலுட் செல்வதும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே, மணிக்கணக்கும் நாட்கணக்கும் கழித்து நிகழக்கூடியவை. அவை நியூமோனியா முதலிய வேறு பெயர்களிற் பதிவாகும். காரணமானவர் விளைவைக் காணார். கண்ணிற் படாத தீங்கைத் தடுக்கும் கருவிக்குச் செலவிட நிர்வாகங்களும் முன்வருவதில்லை.

நிலைமை மாறிவருகின்றது. 1990களின் ஆய்வுகளை அடுத்து வேண்டிய விகிதம் 0.9 ஆக உயர்த்தப்பட்டது. குறித்த சில தசைதளர்த்திகளைத் தன்னுட் பற்றிச் செயலிழக்கச் செய்யும் சுகமாடெக்ஸ் 2008இல் ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது. 2014இல் வெளியான பிரித்தானிய, அயர்லாந்து ஆய்வு, அறுவையின்போது உணர்வு விழித்திருந்ததாக முறையிட்டோர் தசைதளர்த்தி பெற்றவரிடையே ஏறத்தாழ 8,000 பேருக்கு ஒருவரும், பெறாதவரிடையே 136,000 பேருக்கு ஒருவரும் எனக் கணித்தது. 2023இல் அமெரிக்க மயக்கமருந்தியலாளர் சங்கம், கண்மதிப்பையும் கைமதிப்பையும் மட்டும் நம்பாது, விகிதத்தை எண்ணாகக் காட்டும் கருவியைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. நாற்றொடர்த் தூண்டல் வெளியாகி அப்பொழுது 53 ஆண்டுகள் கடந்துவிட்டன.

பேசவும் அசையவும் இயலாத மனிதன், மருத்துவ உறவில் மிகவும் பலவீனமான தரப்பினன். அவன் சார்பிற் பேசக்கூடியது அவனுடைய பெருவிரலின் துடிப்பு ஒன்றே. அத்துடிப்பை எண்ணுவதா, விடுவதா என்பது இன்று தொழில்நுட்பம் பற்றிய வினாவன்று. எண்ணும் வழி நெடுங்காலமாகவே கையில் உள்ளது. தன் தீர்ப்பை அளவுகோலுக்கு உட்படுத்த ஒரு தொழில் எவ்வளவு ஆயத்தமாயுள்ளது என்னும் சமூக வினாவாகவே இதனை நாம் நோக்கவேண்டும்.