கிட் தெருவுக்குப் போகும் ரத்தம்

கொல்கத்தாவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து உடம்பெங்கும் செந்தடிப்பு கிளம்புகிறது. பார்த்த மாத்திரத்தில் தட்டம்மை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ரூபெல்லாவும் டெங்குவும்கூட இப்படி வரும். அதனால் சில மில்லிலிட்டர் ரத்தம் எடுத்துச் சீரத்தைப் பிரித்து, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு படிவம் போகிறது. தடிப்பு கண்ட தேதியை அதில் தவறாமல் எழுத வேண்டும். முதல் மூன்று நாட்களில் எடுத்த ரத்தம், நோய் இருந்தும் இல்லையென்று காட்டிவிடலாம்.

குப்பி போய்ச் சேரும் ஆய்வகங்களில் ஒன்று கிட் தெருவிலுள்ள சீரவியல் நிறுவனம். பிரிட்டிஷ் காலத்தில், கொலை வழக்குத் துணியில் படிந்த ரத்தம் மனிதனுடையதா, விலங்கினுடையதா என்று நீதிமன்றங்களுக்குச் சொன்ன அலுவலகத்தின் வாரிசு அது. போலியோவை விரட்டிய ஆய்வக வலையிலும் அதற்குப் பங்குண்டு. அங்கே எலைசா முறையில், தட்டம்மையை எதிர்த்து உடல் புதிதாக உண்டாக்கிய ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் அதே சீரத்தில் ரூபெல்லாவைத் தேடுகிறார்கள். 4 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்தால், அதன் மரபணுவில் 450 எழுத்துகளைப் படித்து அது எந்தத் தொற்றுச் சங்கிலியிலிருந்து வந்தது என்று பார்க்கலாம்.

சோதிப்பவர்களுக்கும் சோதனை உண்டு. மெல்பர்னிலிருந்து வரும் மாதிரிகளை ஆண்டுதோறும் ஆராய்ந்து சரியான விடை சொன்னால்தான் ஆய்வகத்தின் அங்கீகாரம் நிற்கும். புனே வைராலஜி நிறுவனமும் நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் இந்தியாவின் மேல்நிலை ஆய்வகங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2000இல் தொடங்கிய இந்தத் தட்டம்மை-ரூபெல்லா ஆய்வக வலையில் இப்போது 700க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன.

பெரும்பாலான குப்பிகளின் பயணம் ‘தட்டம்மை இல்லை’ என்ற ஒரு வரியில் முடிகிறது. அதை வீண்செலவு என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வரிதான் முக்கியம். லட்சம் பேரில் ஆண்டுக்கு 2 பேருடைய தடிப்புக் காய்ச்சலையாவது சோதித்து ‘தட்டம்மை இல்லை’ என்று காட்டினால்தான், தேடல் ஒழுங்காக நடக்கிறது என்று ஏற்பார்கள். தேடாத ஊரிலும் நோய் இல்லாததுபோலத்தான் தெரியும். தேடித் தேடி இல்லையென்று நிரூபித்த பிறகே இலங்கைக்கு 2019இல் தட்டம்மை ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்தது.

தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. மேற்கு வங்கத்துக்கு அது 2023 ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த ஊசிகள் வேலை செய்தனவா என்பதைக் குப்பிகள்தான் சொல்ல வேண்டும்.

அம்மை கண்டால் அங்கே சீதளாதேவிக்கும் இங்கே மாரியம்மனுக்கும் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. வேண்டிக்கொண்ட கையோடு குழந்தையை மருத்துவமனைக்கும் அழைத்துப் போங்கள். “அம்மைதானே, ரத்தம் எதற்கு?” என்று மறுக்காதீர்கள்.