எஸ்பிரஸோ: அரைத்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை

எஸ்பிரஸோவின் வரலாறு என்று எதை எடுத்துப் படித்தாலும் பெரும்பாலும் மிஷின்களின் வரலாறாகத்தான் இருக்கிறது. டூரினில் 1884ல் மொரியோண்டோ, மிலானில் 1901ல் பெட்சேரா, 1938ல் காஜியா என்று காப்புரிமை வாங்கியவர்கள் வரிசையாக வருவார்கள். பக்கத்தில் நின்று கொட்டையை அரைத்துக் கொடுத்த யந்திரத்துக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிய விஷயம். வீட்டில் எஸ்பிரஸோ போட ஆசைப்படுகிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். கையில் இருக்கிற காசை எல்லாம் மிஷினில் போட்டுவிட்டு, "அரைக்கத்தான் மிக்சி இருக்கே" என்று இருந்துவிடுவது. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கதை பிறகு.

(கிரைண்டர் என்று எழுதினால் எனக்கே இட்லி மாவுதான் ஞாபகம் வருகிறது. அதனால் அரவை மிஷின் என்றே சொல்கிறேன்.)

கார் செய்வதற்கு வெகுகாலம் முன்பே, 1840ல், பிரான்சின் பெஜோ நிறுவனம் காப்பி அரவை மிஷின் செய்தது. மேலே கைப்பிடி, கீழே தூள் விழ ஒரு சின்ன இழுப்பறை. இந்த மாதிரிப் பெட்டிகள் ஐரோப்பிய சமையலறைகளில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடின. அவற்றில் அரைத்த தூள் ஒரே சீராக இருக்காது, ஆனால் அது பெரிய குறையும் இல்லை. கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடிக்கிற காப்பியில் தூள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கொஞ்சம் திக்காகவோ தண்ணியாகவோ இருக்கும், அவ்வளவுதான். நம்ம ஃபில்டரும் அந்த ஜாதிதான். தண்ணீர் தன் எடையால் மெதுவாக இறங்குகிறது, யாரும் அதைத் தள்ளுவதில்லை.

பெட்சேராவின் மிஷினும் ஆவியின் பலத்தில்தான் ஓடியது, அழுத்தம் குறைவு. உண்மையான திருப்பம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தது. காஜியாவின் ஸ்பிரிங் வைத்த நெம்புகோல் மிஷின் தண்ணீரை எட்டு ஒன்பது மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூளுக்குள் தள்ளியது. கோப்பையின் மேல் பொன்னிற நுரை நின்றது. அதுதான் கிரெமா.

இவ்வளவு அழுத்தத்தில் தள்ளினால் சாதாரணத் தூள் வழியாகத் தண்ணீர் சில நொடிகளில் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதைத் தடுக்க மிஷினில் எதுவும் கிடையாது, அழுத்தி வைத்த தூள் ஒன்றுதான் தடுப்பு. அதாவது தூள்தான் குழாயின் திருகு! 1998ல் தொடங்கப்பட்ட இத்தாலியின் எஸ்பிரஸோ அமைப்பு வகுத்த அளவு இது: 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 25 மில்லி காப்பி, ஏறக்குறைய 25 நொடி. இதில் அழுத்தத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும். அந்த 25 நொடியைத் தருவது அரவை மட்டுமே. இத்தாலியக் காப்பிக்கடைகளில் நான்கு 'எம்' என்று ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள்: மிஷேலா, மாசினாசியோனே, மாக்கினா, மானோ. கலவை, அரவை, மிஷின், கை. வரிசையைக் கவனியுங்கள், மிஷின் மூன்றாவதுதான்.

கடையில் இதெல்லாம் நடந்தது. வீட்டில்? காஜியா 1952லேயே வீட்டுக்கென்று ஜில்டா என்ற மிஷினை விட்டது. ஆனால் பெரும்பாலான இத்தாலிய வீடுகள் 1933ல் வந்த மோக்கா பாத்திரத்தோடும் கடையில் அரைத்த தூளோடும் திருப்தியாக இருந்தன. வீட்டில் நல்ல அரவை மிஷின் இல்லை என்ற பிரச்சினையைத் தயாரிப்பாளர்கள் இரண்டு விதமாகச் சுற்றிப் போனார்கள். ஒன்று, அடியில் ஊசி முனையளவு ஒரே ஓட்டை உள்ள வடிகட்டி. தூள் எப்படி இருந்தாலும் ஓட்டை தடுக்கும், நுரையும் வரும் (போலி நுரை, சொல்லிவிட்டேன்). இன்னொன்று, 1986ல் நெஸ்பிரஸோ கொண்டுவந்த காப்ஸ்யூல். அரவையே தொழிற்சாலைக்குப் போய்விட்டது.

இப்போது என் கதை. வாங்கிய மிஷினில் இருந்த போலி வடிகட்டியைக் கழற்றிவிட்டு நிஜ வடிகட்டியை மாட்டி, மிக்சியில் அரைத்துப் போட்டேன். எட்டே நொடியில் புளித்த தண்ணீர். இன்னும் கொஞ்சம் ஓட்டி அரைத்தேன். சொட்டுச் சொட்டாகக் கஷாயம். மிக்சி பிளேடு அரைப்பதில்லை, கண்டபடி வெட்டுகிறது. ரவையும் மாவும் ஒன்றாக இருக்கும். பல் வைத்த இரண்டு எஃகு வட்டுகளுக்கு நடுவே அரைக்கிற மிஷினில்தான் இடைவெளியை நாம் முடிவு செய்ய முடியும். அதிலும் இரண்டு 'கிளிக்'குகளுக்கு நடுவே பத்து நொடி வித்தியாசம் வந்தால் எஸ்பிரஸோவுக்குப் பிரயோஜனம் இல்லை. வாங்கும்போது மோட்டார் வாட் கணக்கைப் பார்க்காதீர்கள், ஒரு கிளிக் எவ்வளவு சின்னது என்று பாருங்கள்.

கடை மிஷினையே பழைய விலைக்கு வாங்கி வீட்டில் வைப்பவர்களும் உண்டு. வெனிஸில் லூய்ஜி மாஸர் 1948ல் தொடங்கிய நிறுவனத்தின் மிஷின்கள் இதில் பிரசித்தம். ஆனால் அந்த வகை மிஷின்களின் தொண்டையில் சில கிராம் தூள் தங்கிவிடும். நாளுக்கு நூறு கோப்பை போகும் கடையில் அது தெரியாது. வீட்டில் காலையில் போடும் முதல் கோப்பையில் நேற்றைய தூளும் கலந்திருக்கும். ஒரு கோப்பைக்கு வேண்டியதை மட்டும் நிறுத்துப் போட்டு அரைக்கும் பழக்கம் பரவியதும் இதற்காகத்தான். 2013 உலக பாரிஸ்டா போட்டியில் மாட் பெர்ஜர் ஈகே43 என்ற பெரிய கடை மிஷினை மேடையில் பயன்படுத்திய பிறகு இந்த முறைக்கு மவுசு கூடியது. 2017ல் வீட்டுக்கென்றே செய்த நிஷ் ஜீரோ, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வந்தது.

அரைக்குமுன் கொட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிப்பதை நான் மூடநம்பிக்கை என்றே நினைத்தேன். 2023ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஹெண்டன் குழு அதைச் சோதித்து எழுதியது. தண்ணீர், தூளில் நிலைமின்சாரம் சேர்வதைக் குறைக்கிறது, தூளும் கட்டி தட்டுவது குறைகிறது. இப்போது நானும் தெளிக்கிறேன் :-)

மாணவர் பட்ஜெட்டுக்கு என் சிபாரிசு, எஃகு வட்டு உள்ள கையால் சுற்றும் மிஷின். மோட்டாருக்குக் கொடுக்கும் காசு வட்டுக்குப் போகும். இரண்டு ஷாட்டுக்கு 18 கிராம் சுற்றினால் கை வலிக்கும்தான். புதுப் பாக்கெட் பிரிக்கிற அன்று அளவு பிடிபடும்வரை இரண்டு கோப்பை சிங்க்கில் போகும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.